மழை நாளும் சனிக்கிழமையும்

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட் சொல்லும். அந்தக் குழந்தையின் ஸ்வெட்டர் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை. பிரிந்துபோன பெற்றோர் மறுபடியும் என் அலுவலகப் படியேறி வருவது பெரும்பாலும் ஸ்வெட்டருக்காகத்தான்.

நீலகிரியில் வக்கீலாக இருக்கிறேன். நிலத் தகராறு, செக் கேஸ், ஜீவனாம்சம் எல்லாம் வரும். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு நாள் முடிவு உண்டு. குழந்தைக் கஸ்டடி வழக்கு அப்படியில்லை. தீர்ப்புக்கு முன்னால் நடக்கிற சண்டைகூடப் பரவாயில்லை, தீர்ப்புக்குப் பின்னால் தொடங்குகிற சண்டைதான் ஓயாது. உத்தரவில் ஒரு வரி இருக்கும்: 'ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை குழந்தை தகப்பனாரிடம் இருக்க வேண்டும்.' படிக்கும்போது எவ்வளவு தெளிவு! இரண்டாம் சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைத்துவிட்டால்? படகர் சமூகத்தின் ஹெத்தையம்மன் பண்டிகை நாளில் அப்பாவின் முறை வந்தால்? குழந்தையை அம்மா மலையிறக்கிக் கொண்டுவர வேண்டுமா, அப்பா ஏறி வர வேண்டுமா? மே மாதம் ஃப்ளவர் ஷோ கூட்டம்; 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. பாஸ் எடுக்க மறந்த அப்பா செக்போஸ்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்கிறார், நான் எதிர்த்தரப்பு வக்கீல் என்பதையும் மறந்து.

இதற்கெல்லாம் ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, நோட்டீஸ் போய், எதிர்த்தரப்பு கவுன்டர் (பதில் மனு) போட்டு, வாய்தா மேல் வாய்தா வாங்கி உத்தரவு வருவதற்குள் அந்த ஸ்வெட்டர் குழந்தைக்குச் சின்னதாகிவிடும்.

வெளிநாடுகளில் இந்த இடைவெளியை அடைக்க ஓர் ஆளை வைக்கிறார்கள். பேரன்டிங் கோஆர்டினேட்டர் என்று பெயர். அமெரிக்காவில் 1990-களில் பரவிய பழக்கம் இது. மனநல நிபுணரோ, அனுபவமுள்ள வக்கீலோ, மத்தியஸ்தரோ இந்த வேலையைச் செய்கிறார். கஸ்டடி உத்தரவு ஏற்கெனவே இருக்கும். அதை நாள்தோறும் நடைமுறைப்படுத்துவதில் வரும் சில்லறைத் தகராறுகளை இவர் முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார். பேச்சு பலிக்காவிட்டால் தானே முடிவு சொல்வார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013 மார்ச் 18-ல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்திலேயே இவருக்கு இடம் உண்டு. ஒரு தடவையில் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குத்தான் நியமிக்கலாம், வேண்டுமானால் நீட்டிக்கலாம். குழந்தையின் அன்றாட வழக்கம், பள்ளி, விளையாட்டு வகுப்பு, ஒப்படைக்கும் இடம், விடுமுறை நாள் போன்றவற்றில் முடிவெடுக்கலாம். யார் பாதுகாவலர் என்பதைத் தொடக்கூடாது. குழந்தையோடு ஊர் மாறிப் போகலாமா என்பதையும் தொடக்கூடாது. பெற்றோருக்குக் கிடைத்த நேரத்தைப் பெரிய அளவில் மாற்றவும் கூடாது. அவருடைய முடிவைக் கோர்ட்டில் பதிவு செய்துவிட்டால் கோர்ட் உத்தரவு மாதிரியே அமல்படுத்தலாம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது புத்தகத்தால் இல்லை. கோத்தகிரிப் பக்கத்து வழக்கு ஒன்றில் இதே ஏற்பாட்டைப் பெயர் தெரியாமலே செய்து வைத்திருந்தோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, இன்னொரு குடும்பத்தின் கதையையும் கலந்துதான் சொல்கிறேன்.

பையன் மூன்றாம் வகுப்பு. அம்மா கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஊரில். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை ஜாயின்ட் மெமோவாக எழுதினோம். நான் அம்மா பக்கம். சனிக்கிழமை விவரமெல்லாம் எழுதி முடித்த பிறகு, 'நாள் மாறினால் யாரிடம் கேட்பது?' என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பாடம் எடுத்தவர்; அப்பாவின் சித்தப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர். சந்திப்பு நாள், ஒப்படைக்கும் இடம், நேரம் ஆகியவற்றில் கருத்து வேறுபாடு வந்தால் அவர் முடிவை இருவரும் ஏற்போம் என்று ஒரு ஷரத்து. கோர்ட் மெமோவைப் பதிவு செய்து உத்தரவு போட்டது. அவருக்குச் சம்பளம் கிடையாது. கேட்டால் கோபித்துக்கொண்டிருப்பார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நீள நோட்டு. கோடு போட்டு, தேதி, அம்மா சொன்னது, அப்பா சொன்னது, முடிவு, காரணம் என்று பத்திகள். கையெழுத்து அச்சு போல. 'பையனுக்குக் காய்ச்சல். டாக்டர் சீட்டு பார்த்தேன். நாலாம் சனி வேண்டாம்.' இன்னொரு பக்கத்தில், 'ஒப்படைக்க பஸ் ஸ்டாண்ட் வேண்டாம், நெரிசல். மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் வாசல்.' அதற்குக் கீழேயே, 'அம்மா அனுப்பிய குரங்குக்குல்லா இரண்டு முறை திரும்பி வரவில்லை. அப்பா சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிவிட்டார்.' எந்த ஜட்ஜும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்பு எழுதிப் பார்த்ததில்லை. காலையில் தகராறு, மத்தியானம் போன், சாயங்காலம் முடிவு. அம்மா எனக்குப் போன் செய்வதே நின்றுவிட்டது. ஒரு வக்கீலுக்கு இதைவிட நிம்மதி ஏது?

அக்டோபர் வந்தது. சமவெளிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீலகிரிக்கு மழை இரண்டு பக்கமிருந்தும் வரும். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்கு, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திரும்பும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து மலையே பெயர்ந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் மழையை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால், குஞ்சப்பனைக்கு மேலே ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்று அம்மா சொன்னால், தலைமையாசிரியர் என்ன செய்வார்? 'மழை. பையனை இறக்க வேண்டாம்' என்று எழுதுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன். அடுத்த முறையும் மழை. அதற்கடுத்தது அரையாண்டுப் பரீட்சை. அப்புறம் பண்டிகை. நடுவில் ஒரு முறை அப்பாவுக்கே ஷிப்மென்ட் நேரம், அவரே வர முடியவில்லை. பொங்கல் வரும்போது அப்பாவும் பையனும் சேர்ந்திருந்த சனிக்கிழமைகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம் என்ற நிலை.

அப்பாவின் வக்கீல் ஐ.ஏ. போட்டார். இளைஞர், கோயம்புத்தூரிலிருந்து வருபவர். நான் வழக்கமான பதிலைத்தான் தயாரித்து வைத்திருந்தேன்: அவர்களே தேர்ந்தெடுத்த ஆள், அவர்களே கொடுத்த அதிகாரம், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதியிருக்கிறது, எதில் தவறு என்று காட்டட்டும். அவர் எழுந்து, 'எதிலும் தவறில்லை, மேடம் சொல்வது சரி' என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. 'ஒவ்வொரு முடிவையும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான் யுவர் ஆனர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் போட்ட உத்தரவு நடைமுறையில் இல்லை. அதை யார் மாற்றினார்கள்? யாரும் மாற்றவில்லை, மாறிவிட்டது.'

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வாதம்தான். வீட்டுக்கு வந்து மற்ற நாடுகளில் இந்த முடிவுகளைக் கோர்ட் எப்படித் திருப்பிப் பார்க்கிறது என்று தேடிப் படித்தேன். கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான். கோஆர்டினேட்டர் சொன்னதை எல்லாம் கோர்ட் முதலிலிருந்து விசாரித்தால், அவரை வைத்ததே வீண். தோற்றவர் ஒவ்வொரு முறையும் கோர்ட் படியேறுவார். எதையுமே பார்க்காவிட்டால், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு குட்டி நீதிபதியை உருவாக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இரண்டு ஓரத்துக்கும் போய் வந்திருக்கிறது. 2008-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த நியமனம் செல்லும் என்றது. 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு விதியைக் கொண்டுவந்து, கஸ்டடி விஷயத்தில் முடிவெடுக்க நீதிபதிக்கு மட்டும்தான் அதிகாரம் என்று ஏற்பாட்டையே ஒழித்துவிட்டது. 2019 மார்ச்சில் வேறு உருவத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அவர் சொல்வது பரிந்துரை. பிடிக்காதவர் 5 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் நீதிபதி முதலிலிருந்து கேட்பார். மாசசூசெட்ஸில் 2014-ல் வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது. ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாதபோது, கோஆர்டினேட்டரிடம் போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும், அதுவரை அவர் சொன்னதே கட்டுப்படுத்தும் என்று ஒரு கீழ்நீதிபதி போட்ட உத்தரவை மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி தன் வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்க முடியாது என்பது அதன் சாரம். தென்னாப்பிரிக்காவில் 2018-ல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம், நியமிக்கலாம் என்றுதான் சொன்னது. ஆனால் ஏற்கெனவே உள்ள ஏற்பாட்டை நடத்திவைப்பதோடு அவர் அதிகாரம் நிற்க வேண்டும், அவர் சொல்வது எல்லாமே கோர்ட்டின் பார்வைக்கு உட்பட்டது என்று வேலி போட்டது. கட்சிக்காரர்களுக்கு அவருடைய கட்டணத்தைத் தாங்க முடியுமா என்பதையும் பார்க்கச் சொன்னது. எனக்குப் பிடித்த பகுதி அது.

பிரிட்டிஷ் கொலம்பியா எடுத்த வழி வேறு. அங்கே முடிவு கட்டுப்படுத்தும். ஆனால் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, கோஆர்டினேட்டர் தன் அதிகாரத்தைத் தாண்டியிருந்தாலோ, சட்டத்தில் தவறியிருந்தாலோ, உண்மைகளுக்குச் சட்டத்தைப் பொருத்திப் பார்த்ததில் தவறியிருந்தாலோ கோர்ட் மாற்றலாம், ரத்து செய்யலாம், வேண்டுமானால் அந்த இடத்தில் தானே உத்தரவு போடலாம். அன்று மழை பெய்ததா இல்லையா என்ற வெறும் உண்மைத் தகராறை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

இவற்றில் எதையாவது இங்கே கொண்டுவரலாம் என்றால் நான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பக்கம்தான் சாய்வேன். ரோட்டில் மண் கிடக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரிந்துரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கோத்தகிரி வழக்கை அந்த 19-வது பிரிவின் முன் வைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் ஒரு நாளும் அதிகாரத்தைத் தாண்டவில்லை. சட்டத் தவறு என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முடிவாக எடுத்து வந்தால் ஒவ்வொன்றும் தேறிவிடும். அப்பாவுக்கு அங்கே ஒரே பிடி, 'நேரத்தைப் பெரிய அளவில் மாற்றக் கூடாது' என்ற தடைதான். அந்தத் தடையை ஒரு சனிக்கிழமைக்குப் பொருத்தாமல் ஒரு பருவத்துக்குப் பொருத்த வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை எடுத்த முடிவுகள் அத்தனையையும் ஒரே முடிவாக வைத்துப் படித்தால் அது உத்தரவையே திருத்திய முடிவு. கோர்ட் பார்க்க வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையை. ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தட்டில் சோறு இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

சரி, நம் ஊர்ச் சட்டத்தில் தலைமையாசிரியரின் நோட்டுக்கு என்ன மதிப்பு? கறாராகச் சொன்னால், அவருக்குத் தனியாக எந்த அதிகாரமும் இல்லை. பூஸ் ஆலன் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குழந்தை கஸ்டடி, பாதுகாவலர் விவகாரம் எல்லாம் தனியார் நடுவர் தீர்ப்புக்கு விடக்கூடியவை அல்ல. 1984-ம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-வது பிரிவில் மருத்துவர், சமூகநல நிபுணர் உதவியைக் கோர்ட் கேட்டு வாங்கலாம். அவர்கள் கருத்து சொல்வார்கள், முடிவு நீதிபதியுடையது. குழந்தையைப் பார்க்கும் நேரத்தில் உடனிருக்க அட்வகேட் கமிஷனரை நியமிப்பதும் உண்டு. அவரும் ரிப்போர்ட் கொடுப்பவர்தான். ஆக, தலைமையாசிரியருக்கு இருந்த பலமெல்லாம் மெமோவும் அதைப் பதிவு செய்த உத்தரவும் கொடுத்தது. உத்தரவைப் போட்ட கோர்ட் அதை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கஸ்டடி உத்தரவு நிரந்தரமானதல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று 1973-ல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை நாங்கள் எல்லோரும் பிடித்துத் தொங்குகிற கயிறு. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவும் அதையே சொல்கிறது.

வாசல் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டி மேலே போவதுதான் பாடு. சம்மதத்தின் பேரில் போட்ட உத்தரவுக்கு 19-வது பிரிவில் அப்பீல் கிடையாது. (இது நம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19. கனடாவிலும் அதே எண் வந்து விழுந்திருப்பது தற்செயல்.) இடைக்கால உத்தரவுக்கும் அப்பீல் கிடையாது. அரசியலமைப்பின் 227-வது பிரிவில் ஹைகோர்ட்டுக்கு சி.ஆர்.பி. (சீராய்வு மனு) போடலாம். அதாவது மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டும், இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணி யாருடையது என்று கேட்பதற்கு. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் இன்னும் இறுக்கம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அந்த அவார்டுக்கு அப்பீலே இல்லை. அதனால்தான் இந்த மாதிரி ஷரத்து எழுதும்போது, திரும்பி வரும் வழியையும் அதே மெமோவில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். பிறகு தேடினால் கிடைக்காது.

படகர் ஊர்களில் பெரியவர்கள் கூடித் தீர்த்து வைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஊர்க் கூட்டத்தில் ஒப்பாதவர்கள் பல ஊர்கள் சேர்ந்த சீமைக்கும், அதற்கும் மேலே எல்லாச் சீமைகளும் சேர்ந்த நாக்குபெட்டாவுக்கும் கொண்டுபோகப் படிகள் வைத்திருந்தார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லாமலே மேல்முறையீடு. ஆனால் பெண்ணின் குரல் அந்தப் படிகளில் எவ்வளவு தூரம் ஏறியது என்று கேட்டால் எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை, அதை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

அடி உதை நடந்த வீடுகளுக்கு இந்த ஏற்பாடே வேண்டாம் என்பது என் கட்சி. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' என்று நல்ல மனதோடு சொல்லும் ஒரு பெரியவர் அங்கே ஆபத்து. அதற்கு 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவு இருக்கிறது, குழந்தைக்குத் தீங்கு வரும் என்றால் சந்திப்பையே மறுக்கலாம். அந்த வேலையை நீதிபதிதான் செய்ய வேண்டும்.

காசு இன்னொரு விஷயம். வெளிநாட்டில் கோஆர்டினேட்டர் மணிக்கணக்கில் பில் போடுகிறார். பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? சம்பளம் வாங்காத தலைமையாசிரியர்கள் ஊருக்கு ஊர் கிடைக்கவும் மாட்டார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு. மெமோ எழுதி முடித்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவரை அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷம் விட்டுவைத்தால் என்ன கெட்டுவிடும்?

கோத்தகிரி வழக்குக்கு வருகிறேன். தலைமையாசிரியரை வரச் சொன்னார் நீதிபதி. மஞ்சப்பையில் நோட்டைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'ரத்தான நாளுக்குப் பதில் நாள் எங்கே எழுதியிருக்கிறீர்கள், சார்?' என்று கேட்டார். 'யாரும் கேக்கலைங்களே' என்றார் அவர். உண்மைதான், மெமோவில் அப்படி ஒரு வரி இல்லை. பையனைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார் நீதிபதி. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உத்தரவில் தலைமையாசிரியரின் ஒரு முடிவைக்கூட ரத்து செய்யவில்லை. விடுபட்ட நாட்களை முழுப் பரீட்சை லீவில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். இனி எந்தச் சனிக்கிழமையை ரத்து செய்தாலும், அதே வரியில் 30 நாளுக்குள் ஒரு மாற்று நாளை எழுத வேண்டும். தொடர்ச்சியாக இரண்டு முறை ரத்தானால், தனி மனு எதுவும் இல்லாமல் கோர்ட்டில் வாய்மொழியாக மென்ஷன் செய்யலாம். என் கட்சிக்காரருக்கு வருத்தம்தான். 'அப்ப சார் சொன்னதெல்லாம் தப்பாங்க மேடம்?' என்று வராந்தாவில் கேட்டார். 'ஒண்ணுகூடத் தப்பில்லம்மா' என்றேன். அவருக்கு அது புரியவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நானும் விளக்கவில்லை.

இப்போது நான் எழுதும் மெமோக்களில் இந்த ஷரத்து நீளமாக இருக்கிறது. இன்னின்ன விஷயத்தில் மட்டும் முடிவெடுக்கலாம். காரணத்தோடு எழுத வேண்டும், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. ரத்துக்கு மாற்று நாள். ஓராண்டுக்கு மேல் நீடிக்காது, இரண்டு பேரும் கேட்டால் நீட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை நாள் விடுபட்டது என்று கூட்டிப் பார்த்து இரண்டு வக்கீலுக்கும் அனுப்ப வேண்டும். மழைக்கால ஏற்பாடு என்று தனியாக ஒரு பத்தி: ரோடு அடைபட்டால் வீடியோ காலில் பேச வைப்பது, அந்தப் பருவத்தில் மட்டும் அப்பா மலையேறி வந்து இங்கேயே தங்கிப் பார்த்துவிட்டுப் போவது. கோத்தகிரி, குன்னூர் என்றால் அந்தப் பத்தியில் அக்டோபர் முதல் டிசம்பர் என்று போடுகிறேன், கூடலூர்க் கட்சிக்காரர் என்றால் ஜூன் முதல் செப்டம்பர்.